கீழே ஆள் வேண்டாம்

என் கடை விட்டத்தில் இருளப்பன் தொங்கிக்கொண்டிருக்கிறார். பயப்பட வேண்டாம், கழுத்தில் அல்ல, இடுப்பில். விட்டத்தைச் சுற்றி மூன்று சுற்றுப் போட்ட தேங்காய்த் தும்புக் கயிறு, அதன் கீழே ஒரு சாண் அகலப் பலகை, பலகையின் மேல் அவர். கால்கள் தரையிலிருந்து அரை முழம் உயரத்தில் ஆடுகின்றன. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, முடி வெட்டிக்கொள்ள முறைக்குக் காத்திருப்பவரைப்போல, பதுளைக் கடைவீதியைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆணி வாங்க வந்த வெலிமடை வண்டிக்காரன் ஒருவன் வாசற்படியிலேயே வாயைப் பிளந்து நின்றுவிட்டான்.

ஒரு வெற்றிலை மெல்லும் நேரம். அதுதான் அவர் கணக்கு. வெற்றிலை கரைந்ததும் கீழே குதிக்க மாட்டார். முதலில் காலால் தரையைத் தேடித் தொட்டு, பாரத்தைக் காலுக்கு மாற்றி, அதன் பிறகுதான் பலகையை விட்டு எழுந்திருப்பார். எழுந்தவுடன் தெருவைப் பார்த்து ஒரு சத்தம் போடுவார்.

"நல்ல கயிறுங்கோ! இந்த நானா கடக் கயிறு நல்ல கயிறு! என்னையவே தாங்குது, பாத்துக்கிட்டீங்கள்ல?"

எங்கள் முஸ்லிம் பேச்சில் நானா என்றால் அண்ணன், அது நான்தான். எதிர்க்கடைப் புஹாரி சிரிப்பார். போகிற வருகிறவர்கள் சிரிப்பார்கள். எனக்குக் காது மடல் சூடாகிவிடும். ஒருமுறை பொறுக்க முடியாமல், "கயிற இழுத்துப் பாக்கிறதெண்டா பின்னால கொல்லையில மரம் இருக்கு, அங்க போய்த் தொங்குங்க" என்றேன். அவர் என்னை மிகவும் பரிதாபமாகப் பார்த்தார்.

"கொல்லையில தொங்குனா யாரு பாப்பாக நானா?"

கிறுக்கு என்று நினைத்துக்கொண்டேன். அந்த நினைப்புக்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

எங்கள் கடையில் கயிறு விற்பது என்பது அவ்வளவு லேசான காரியம் அல்ல. என் தகப்பனார், வாப்பாவின் காலத்தில் பசறை வரைக்கும் எந்தத் தேயிலைத் தோட்டத்துக்குக் கயிறு வேண்டுமானாலும் இங்கேதான் வருவார்கள். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால், ஆனைவாரித் தோட்டத்தில் கொடிமரத்தில் ஏறிய கூலியாள் ஒருவன் கயிறு அறுந்து விழுந்து செத்துப்போனான். கயிறு இற்றுப்போனது என்று தோட்டத்துக் கந்தோரில், அதாவது ஆபீசில், எழுதினார்கள். கயிறு எங்கள் கடைக் கயிறு. அதோடு சரி. ஆணி வாங்கு, லாந்தர் வாங்கு, கயிறு மட்டும் அங்கே வாங்காதே என்று ஊர் பேசியது. இன்றைக்கு ரயில் பாதை பதுளைக்கு வந்துகொண்டிருக்கிறது, கயிறு வண்டி வண்டியாகப் போகிறது, எல்லாம் புஹாரி கடையிலிருந்து.

வாப்பா அதற்குப் பிறகு கயிற்றை விற்கவில்லை, விசாரித்தார் என்றுதான் சொல்ல வேண்டும். விடியற்காலைச் சுபஹுத் தொழுகை முடிந்ததும் கடைக்கு வந்து, தொங்கும் கயிறு ஒவ்வொன்றையும் பிரித்து, தும்பைப் பல்லால் கடித்துப் பார்ப்பார். யாரும் வாங்காத கயிற்றை. நாலு வருஷத்துக்கு முன் உயிர் பிரிந்து மௌத்தாகும்போது அவருக்குப் பேச்சு நின்றுவிட்டது. விரல் மட்டும் நிற்கவில்லை. போர்வையின் ஓரத்து நூலை இழுத்து இழுத்து, அது தாங்குமா என்று பார்த்துக்கொண்டே இருந்தது. நான் பக்கத்தில் இருந்தேன்.

அப்படிப்பட்ட கடைக்கு வருஷத்தில் இரண்டு தடவை பத்து மைல் நடந்து வந்து கயிறு வாங்குகிற ஒரே மனிதர் இந்த இருளப்பன். அதுவும் அந்த ஆனைவாரியிலிருந்தே. வந்ததும் கயிற்றை முகர்வார். "உப்புத் தண்ணியில ஊறுன தும்புதானா?" என்பார். காலித் துறைமுகத்திலிருந்து வருவது, கடல் தண்ணீரில் ஊறியதுதான் என்றால் முகம் மலரும். ஒரு இழையைப் பிரித்து மெல்லுவார். ஒரு முழத்தை முறுக்கிவிட்டு, தானாகப் பிரிகிறதா என்று பார்ப்பார். பிறகு பலகை, விட்டம், வெற்றிலை.

ஆள் குள்ளம். தோள் மட்டும் இரண்டு பேருக்குப் போதும். கால் கட்டைவிரல் இரண்டும் மற்ற விரல்களோடு சண்டை போட்டதுபோல் தனியாகப் பிரிந்து நிற்கும், மரத்தைக் கவ்வி ஏறிய பழக்கம். வயசு கேட்டால், "தாது வருஷப் பஞ்சத்துல ஆத்தா வயித்துல இருந்தேன்" என்பார். நாற்பத்தைந்துக்கு முன்பின் இருக்கலாம், தலை முழுவதும் நரை.

அவரிடம் எதுவும் கட்டப்படாமல் இருக்காது. வெற்றிலைப் பை அரைஞாணில் ஒரு நூலால், கத்தி இன்னொரு நூலால், தகரக் குவளை மூன்றாவது நூலால். தலைப்பாகைக்குக்கூட ஒரு நூல், முடிச்சு காதோரம். நடந்தால் கலகலவென்று சத்தம் கேட்கும். "என்னத்துக்கு இதெல்லாம்?" என்று கேட்டேன். "கையில இருக்கறது கீழ விழுந்துரும் நானா. கட்டுனது விழாது" என்றார். இது யாருக்கும் தெரிந்த சங்கதிதானே என்று நினைத்துக்கொண்டேன்.

அதைவிட விசித்திரம், எதையும் கைக்குக் கை வாங்க மாட்டார். தேத்தண்ணீர் நீட்டினால் கை பின்னுக்குப் போய்விடும். "கீழ வையுங்க, எடுத்துக்கறேன்." அவர் கொடுப்பதும் அப்படித்தான், பலகையில் வைப்பார், நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். சாதி வித்தியாசம் பார்க்கிறாரோ என்று முதலில் எனக்குக் கோபம். பார்த்தால், கூட வந்த தோட்டத்து ஆள் வெற்றிலை நீட்டினாலும் அதே பேச்சு.

இந்தக் கயிறு எதற்கு என்றால், ஒரு பாய்மரத்துக்கு. சிரிக்காதீர்கள். கடல் கண்ணுக்கே எட்டாத இந்த ஊவா மலையில் ஒரு பாய்மரம் நிற்கிறது. ஆனைவாரியின் பழைய வெள்ளைக்காரத் துரை தோட்டத்துக்கு வரும் முன் கப்பலில் இருந்தவராம். கடலை விட்டு வந்தாலும் கடல் அவரை விடவில்லை. ஓங்கி வளர்ந்த யூக்கலிப்டஸ் மரம் ஒன்றை வெட்டிச் செதுக்கி, அறுபதடி உயரத்தில், குறுக்குமரமும் நாலு பக்கம் இழுவைக் கம்பியுமாக, அச்சாகக் கப்பல் பாய்மரம் போலவே தொழிற்சாலை முற்றத்தில் நட்டுவிட்டார். உச்சியில் ஒரு கப்பி. அதில்தான் கொடி ஏறும். பழைய துரை சீமைக்குப் போய்ப் பத்து வருஷமாகிறது, மரம் போகவில்லை. புதுத் துரைக்குக் கடலும் தெரியாது கப்பலும் தெரியாது, ஆனால் ராஜாவின் பிறந்தநாளுக்குக் கொடி ஏற வேண்டும். ஏற வேண்டுமானால் கப்பிக்கு எண்ணெய் விட வேண்டும், கொடிக்கயிறு மாற்ற வேண்டும். அதற்கு இருளப்பன்.

தொண்டிக் கரையில் பிறந்தவர். அரிசி ஏற்றி வரும் தோணியில் பாய்மரம் ஏறுகிற வேலை. "நானும் எந் தம்பி பொன்னையாவும் ஏறுனா கொரங்கு பாத்து வெக்கப்படும்" என்று கடைப்படியில் உட்கார்ந்து சொல்லுவார். புயலில் கிழிந்த பாயை நடுக்கடலில் அறுத்துவிட்ட கதை, மரத்தின் உச்சியிலேயே தூங்கிப்போன கதை, எல்லாவற்றிலும் பொன்னையா உண்டு. "தம்பி இப்ப எங்க?" என்று ஒருநாள் கேட்டேன். "ஆனைவாரியிலதான் இருக்கான்" என்றார். அப்புறம் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்.

ஆனால் மரத்தில் ஏறும்போது கீழே ஒரு ஆளை நிறுத்திக்கொள்ள மாட்டார். பெரிய கங்காணி இரண்டு பேரைத் தருகிறேன் என்றாராம். "கீழ ஆள் வேணாங்க" என்றுவிட்டார். அறுபதடி, தனியாக. இன்னொரு ஆள் ஆனைவாரி மரத்திலிருந்து விழுந்தால், அதுவும் என் கடைக் கயிற்றோடு விழுந்தால், கடையை மூடிவிட்டு நான் எங்கே போவது? போய் என் கண்ணால் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். இந்த ஆனி மாதம் ராஜாவின் பிறந்தநாளுக்குத் தோட்டத்தில் லாந்தர் கேட்டிருந்தார்கள். முதல்நாள் காலையில் வண்டியில் போட்டுக்கொண்டு நானே புறப்பட்டேன்.

தோட்டத்து எல்லையில் வண்டி மேடேற முடியாமல் திணறியது, இறங்கி நடந்தேன். வெயில் காய்ந்தது, காற்று புழுதியை வாரி அடித்தது, குடையைப் பிடித்துக்கொண்டேன். மேலே மலைச்சரிவில் யாரோ ஒரு பெண் "தொரை வாராரு!" என்று குரல் கொடுத்தாள். அந்தக் குரல் வாய்க்கு வாய் தாவிக் கீழே வந்தது. நான் இதைக் கேள்விப்பட்டிருக்கிறேன், பார்த்ததில்லை. பாதையில் கொழுந்துக் கூடையோடு வந்துகொண்டிருந்த பதினைந்து இருபது பேர் ஒரே மூச்சில் பாதையோர வடிகால் கானுக்குள் இறங்கினார்கள். ஆண்களின் தலைப்பாகை கக்கத்துக்குப் போனது. கூடைகள் தரைக்கு வந்தன. எல்லாருடைய இரண்டு கையும் நெற்றிக்கு மேலே உயர்ந்து குவிந்தன. ஒரு கிழவர் இருமிக்கொண்டிருந்தார், இருமலோடேயே கும்பிட்டார். குதிரை போனது, துரை கடிதம் எதையோ வாசித்துக்கொண்டே போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஒரு நாளைக்குக் கையெடுக்காட்டி என்னவாம்?" என்று பக்கத்தில் நின்ற ஆளிடம் கேட்டேன். "அரைப்பேருங்க. அன்னைக்குக் கூலி பாதிதான். ரெண்டாந்தரம் செஞ்சா சவுக்கு" என்றார். இன்னும் கையை முழுசாக இறக்கவில்லை அவர். எனக்கு ஆத்திரமாக வந்தது, இது என்ன அக்கிரமம் என்று சொல்ல வாயெடுத்தேன். அப்போதுதான் பார்த்தேன், என் குடை மடங்கி என் கக்கத்தில் இருந்தது. எப்போது மடக்கினேன் என்று எனக்கே தெரியாது.

தொழிற்சாலை முற்றத்தில் மரம் நின்றது. கீழே நின்று உச்சியைப் பார்த்தால் பின்னால் சாய வேண்டியிருக்கிறது. காற்றில் இழுவைக் கம்பிகள் ஒரு மாதிரி முனகின. மரத்தடிக் கல்லில் ஒரு பெண் சோற்றுச் சட்டியை வைத்துக்கொண்டிருந்தாள், நாற்பது வயசிருக்கும், வெள்ளைச் சேலை. தம்பி பெண்சாதி ரெங்கம்மா என்று இருளப்பன் சொன்னார். நான் உயரத்தைக் காட்டி, "உங்களுக்குப் பயமில்லியா?" என்றேன்.

"அவுரு ஏறுற அன்னைக்கு நான் மேல பாக்க மாட்டேனுங்க" என்று சொல்லிவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்துக்கொண்டு கொழுந்துக் காட்டுக்குப் போனாள்.

இருளப்பன் ஏறிய விதத்தைச் சொல்கிறேன், கவனமாகக் கேளுங்கள். இரண்டு கயிறு. ஒவ்வொன்றையும் மரத்தைச் சுற்றி மூன்று சுற்றுச் சுற்றி, நுனியை உள்ளே கொடுத்து இழுத்துக் கட்டினார். இந்தக் கட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பாரம் ஏறினால் மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். பாரம் இல்லாவிட்டால் கையால் தள்ளத் தள்ள மேலே போகும். மேல்கயிற்றில் உட்காரும் பலகை, அதோடு முதுகைச் சுற்றிக் கக்கத்துக்குக் கீழே வந்து முடியும் அகலப் பட்டி. கீழ்க்கயிற்றில் கால் வைக்க இரண்டு கண்ணி. பலகையில் உட்கார்ந்து கால் கயிற்றை மேலே தள்ளுவார். கண்ணியில் எழுந்து நின்று பலகைக் கயிற்றை மேலே தள்ளுவார். உட்கார், தள்ளு, நில், தள்ளு. ஒரு தடவைக்கு ஒரு முழம்.

ஒவ்வொரு தடவையும் கயிற்றோடு பேசுவார். "மேலவன் புடிச்சானா? புடிச்சான். கீழவன் வா." பிறகு, "கீழவன் புடிச்சானா? புடிச்சான். மேலவன் போ." ஒன்று பிடித்ததை உடம்பால் அழுத்திப் பார்க்காமல் மற்றதைத் தொடுவதில்லை. குறுக்குமரம் வந்ததும் மூன்றாவதாக ஒரு கயிற்றை அதற்கு மேலே கட்டி, அதில் பாரம் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இரண்டையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தாண்டுவாராம். எண்ணெய்க் குப்பி, சுத்தியல், துணி எல்லாம் இடுப்பில், நூலில். கொடிக்கயிற்றை மேலே இழுத்துக்கொள்ள ஒரு நீளக் கயிறு மட்டும் அவர் இடுப்பிலிருந்து தரை வரைக்கும் வால் போலத் தொங்கியது.

இருபதடி போனார். முப்பதடி போனார். காற்று பலமாக ஒரு வீசு வீசியது. மரம் முனகி ஒரு பக்கம் அசைந்தது. ஒரு மனிதன் அந்தரத்தில் நிற்கிறான், கீழே நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறேன், இது என்ன மனுஷத்தனம் என்று தோன்றியது. ஓடிப்போய் அந்தத் தொங்கும் வாலை இரண்டு கையாலும் இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"நான் கீழ புடிச்சிருக்கன்! பயப்படாம போங்க!"

மேலே அசைவு நின்றது. பிறகு ஒரு சத்தம் வந்தது. அந்த மனிதரின் தொண்டையில் அப்படி ஒரு சத்தம் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"விடுங்க! விடுங்க நானா! தொடாதீங்க!"

சுட்டதுபோல் விட்டேன். தொழிற்சாலை வாசலில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் முப்பதடியையும் ஒவ்வொரு முழமாக, ஒவ்வொரு பேச்சாக, இறங்கி வந்தார். தரையைக் காலால் தொட்டார். பட்டியை அவிழ்த்தார். கல்லில் உட்கார்ந்தார். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் சொருகிக்கொண்டார்.

"மாப்பு" என்றேன். "உதவிக்குத்தான் புடிச்சேன். எப்பவோ கீழ நிண்டவன் உங்கள கைவிட்டுட்டான் போல."

"என்னைய யாரும் கைவிடல நானா." தலையைத் தூக்காமல் சொன்னார். "ஏறுனது நான் இல்ல. பொன்னையா. நான் கீழ நின்னவன்."

எனக்கு முதலில் புரியவில்லை.

"இதே மரந்தான். நட்ட புதுசு. அவன் வெறுங்காலோட ஏறுவான், அவன் இடுப்புக் கயிறு மேல கப்பி வழியா எங் கைக்கு வரும். தோணியில அதக் கட்டி வைக்க ஒரு முளை இருக்கும். இங்க முளை கெடையாது, எங் கைதான் முளை. உச்சிக்குப் போயிட்டான். 'அண்ணே, புடிச்சுக்க, ரெண்டு கையும் விடுறேன்'னான். கப்பியில வேல. புடிச்சேன். அவன் பாரம் பூரா எங் கையில. அப்ப தொரை வாராருன்னு சத்தம் வந்துச்சு."

நான் திரும்பிப் பாதையைப் பார்த்தேன்.

"அந்தா, அந்த மொடக்குல குதிர திரும்புச்சு. ரெண்டு கையும் மேல போயிருச்சு நானா. நான் விடல. விடணும்னு நெனைக்கவே இல்ல. அதுவா போயிருச்சு. கும்புட்டுக்கிட்டு நிக்கிறேன், பொன்னையா எனக்கு முன்னால விழுந்து கெடக்கான். அப்பவும் கை எறங்கல. தொரை குதிரைய விட்டு எறங்கி வந்து பாக்குற வரைக்கும் கும்புட்டுக்கிட்டேதான் நின்னேன்."

காலையில் பாதையில் பார்த்த கைகள் எல்லாம் கண்ணுக்கு முன்னால் எழுந்து நின்றன. என் கக்கத்தில் இருந்த குடையும்தான். அதற்குப் பிறகுதான் மற்றது உறைத்தது.

"அப்ப கயிறு அறுந்ததெண்டு..."

"புதுக் கயிறு. உங்க வாப்பா கையால வெட்டிக் குடுத்தது. ஒரு இழை பிரியல. இத்துப்போச்சுன்னு கந்தோர்ல எழுதுனாக. எங்கிட்டக் கேட்டாக. ஆமாங்கன்னேன்."

உள்ளதைச் சொல்லுகிறேன், அவரை அடித்திருப்பேன். பதினெட்டு வருஷம். வாப்பாவின் விரல் போர்வை நூலை இழுத்தது என் கண்ணில் வந்து நின்றது. "ஒரு வார்த்த!" என்று கத்தினேன். "பத்து மைல் நடந்து வாரீங்க, என்ட கடையில தேத்தண்ணி குடிக்கிறீங்க, ஒரு வார்த்த சொல்லல்லியே! எங்கட வாப்பா அந்தக் கயிற நெனச்சே மௌத்தானார்!"

"தெரியும்" என்றார். "அவுரு இருக்கறப்பவே சொல்லணும்னு மூணு தரம் வந்தேன். கடையில உக்காந்து தும்பக் கடிச்சுக்கிட்டு இருந்தாரு. வாய் வரல. சொன்னா என்ன ஆகும்? தொரை வந்ததுனாலதான் செத்தான்னு ஆகும். தொரை மேல பழி சொன்னவன்னு பத்துச்சீட்டக் குடுத்துத் தோட்டத்த விட்டு வெரட்டுவாக. ரெங்கம்மா கைப்புள்ளையோட எங்க போவும்? அதான் கயிறு தலையில போட்டுட்டேன். கயிறு பேசாதுல்ல."

ரெங்கம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"மூணாம் நாளே சொல்லிட்டேன். அருவாமனைய எடுத்து முன்னால வச்சிட்டுச் சொன்னேன், வெட்டட்டும்னு. அது அழுவல. 'அந்த எடத்துல நான் நின்னிருந்தாலும் கும்புட்டுத்தான் இருப்பேன்'னுச்சு."

இதைக் கேட்டபோது என் கோபம் எங்கே போனது என்று எனக்குத் தெரியவில்லை. போகாமல் இருந்தால் நன்றாக இருந்திருக்கும். கோபம் இருந்த இடத்தில் ஒரு திகில் வந்து உட்கார்ந்துகொண்டது, இதை எழுதும் இன்று வரைக்கும் அது எழுந்திருக்கவில்லை. செத்தவனின் மனைவி சொல்லுகிறாள், நானும் விட்டிருப்பேன் என்று.

"அதான் உங்க கடையில தொங்குறேன்" என்றார் இருளப்பன். "நாலு பேரு பாக்கட்டும்னு. என்னால முடிஞ்சது அம்புட்டுத்தான்." பிறகு முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "நீங்க பத்திரிகையில எழுதுறவருன்னு சொல்லிக்கிறாக. எழுதுங்க நானா. கயித்துல குத்தமில்லன்னு எழுதுங்க."

"துரை காதுக்குப் போனா?"

"போனாப் போவட்டும். ரெங்கம்மா புள்ள தலையெடுத்துருச்சு."

எழுதிவிட்டேன். என் வாப்பா விற்ற கயிற்றில் குற்றம் இல்லை.

அவர் குவளையில் தண்ணீர் மொண்டு குடித்தார். கொடி நாளைக்கு ஏற வேண்டும், கப்பி இன்னும் எண்ணெய் காணவில்லை. மறுபடியும் பட்டியைக் கட்டினார். இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார். நான் பத்தடி தள்ளிப்போய், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். உட்கார், தள்ளு, நில், தள்ளு. முப்பதடி தாண்டினார். குறுக்குமரத்தில் மூன்றாவது கயிற்றைக் கட்டி, மற்றதை அவிழ்த்து, தாண்டினார். உச்சிக்குப் போய்ச் சேர்ந்தபோது அவர் ஒரு கைக்குழந்தை அளவுக்குத் தெரிந்தார். ஒரு கையால் மரத்தைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கப்பியைத் துடைத்தார். ஒன்று மட்டும் எனக்குப் புரியவே இல்லை. பலகையும் கண்ணியும் தாங்குகின்றன, ஒரு கை மரத்தைப் பிடித்திருக்கிறது, பிறகு முதுகைச் சுற்றி எதற்குப் பட்டி?

கொழுந்துக் காட்டின் மேல்பக்கமிருந்து குரல் வந்தது.

"தொரை வாராரு!"

தொழிற்சாலை வாசலில் இருந்தவர்கள் தலைப்பாகையைப் பறித்தார்கள். முடக்கில் குதிரை திரும்பியது. நான் துரையைப் பார்க்கவில்லை, மேலே பார்த்தேன்.

மரத்தைப் பிடித்திருந்த கை விட்டது. கப்பியில் இருந்த கையும் விட்டது. எண்ணெய்க் குப்பி நழுவி, இடுப்பு நூலின் நீளத்துக்கு விழுந்து தொங்கியது. அறுபதடி உயரத்தில் அவர் பின்னால் சாய்ந்தார். பட்டி முதுகை வாங்கிக்கொண்டது, மூன்று சுற்றும் மரத்தை நெரித்துக் கிறீச்சிட்டது, நின்றது. குதிரை முற்றத்தைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. என்னைத் தவிர யாரும் பார்க்காத அந்த உச்சியில், வெறும் கயிற்றின் மேல் சாய்ந்தபடி, இருளப்பனின் இரண்டு கையும் தலைக்கு மேலே குவிந்திருந்தன.